6/6 என்றால் கண்ணில் குறையே இல்லை என்று பொருளா?

“கண்ணாடிக் கடையில் அம்மாவுக்கு 6/6 என்றார்கள், ஆனால், பொழுது சாய்ந்தபின் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் படிகள் சரியாகத் தெரியவில்லை என்கிறார். சோதனை தவறா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

சிங்கப்பூரில் கண்பார்வைச் சோதனையையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், சோதனையும் சரியாக இருக்கலாம், அம்மா சொல்வதும் உண்மையாக இருக்கலாம் என்பேன். நெதர்லாந்து கண் மருத்துவர் ஸ்னெல்லன் 1862இல் வெளியிட்ட எழுத்து அட்டையும் அதன் வழிவந்தவையும், வெள்ளைப் பரப்பில் கருமையாக அச்சிட்ட எழுத்து எவ்வளவு சிறிதாகும்வரை அடையாளம் தெரிகிறது என்பதை மட்டுமே அளக்கின்றன. 6 மீட்டர் தொலைவிலிருந்து ஏறத்தாழ 8.7 மில்லிமீட்டர் உயர எழுத்தைப் படித்துவிட்டால் 6/6. சாம்பல் நிறப் படியின் விளிம்பு அதே நிறத் தரையிலிருந்து பிரிந்து தெரிகிறதா என்று அந்த அட்டை கேட்பதே இல்லை.

அகன்ற கோடுகளையும் நுண்ணிய கோடுகளையும் பார்வை மண்டலம் தனித்தனித் தடங்களில் கையாளுகிறது என்ற கருத்தை பார்வை ஆய்வாளர்கள் கேம்பலும் ராப்சனும் 1968இல் முன்வைத்தார்கள். ஆகவே ஒன்று நன்றாக இருக்க, மற்றொன்று மங்கிப்போகலாம். 1988இல் வந்த பெல்லி-ராப்சன் அட்டையில் எழுத்துகள் எல்லாம் ஒரே அளவு. மூன்று மூன்றாக வெளுத்துக்கொண்டே போகும். தொடக்கநிலைக் கண்புரை, ஒளியைச் சிதறடித்து, இந்த அட்டையில்தான் முதலில் பிடிபடுவதுண்டு. கண் அழுத்த நோயில் பார்வைப்புலத்தின் கீழ்ப்பகுதி குறைந்தாலும் படி தவறும். அதற்குச் சோதனை வேறு.

பலரும் கவனிக்காத ஒன்று, பதில் சொல்பவரின் தயக்கம். நம் பாட்டிமார் பலர் ஒரு வரி மங்கியவுடன் “தெரியலைப்பா” என்று நிறுத்திவிடுவார்கள்; “தப்பானாலும் பரவாயில்லை, ஊகித்துச் சொல்லுங்கள் பாட்டி” என்றால், அடுத்த வரியையும் சரியாகவே சொல்வார்கள். ஆங்கில எழுத்து தெரியாதவர்களுக்குத் திரும்பித் திரும்பி நிற்கும் ‘E’ வடிவத்தைக் காட்டி, அதன் திசையைக் கையால் காட்டச் சொல்கிறோம். ஆய்வுக்கூடங்களிலும் ‘தெரியவில்லை’ என்ற பதிலுக்கு இடமளிக்காமல் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் செய்வது, துணிச்சலின் அளவு பார்வையின் அளவோடு கலந்துவிடக்கூடாது என்பதற்காகத்தான்.

பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கிக் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வெறுமனே ‘மங்கல்’ என்னாமல், எந்தப் படி, எத்தனை மணி, விளக்கு எந்தப் பக்கம் என்று அம்மாவையே சொல்லவிடுங்கள். எந்தச் சோதனையை முதலில் செய்வது என்பதை மருத்துவர் அதிலிருந்தே தீர்மானிக்க முடியும்.