கோவாக்சின் ஒரு டோஸ் மட்டும் போட்ட பையனோடு சிங்கப்பூர்

ஏப்ரல் 2022-ல் ஒருவருக்கு எழுதிய பதில் இது. கோவாக்சின் என்ற கொரோனா தடுப்பூசியில் ஒரு டோஸ் மட்டும் போட்ட பையனைச் சிங்கப்பூருக்குக் கூட்டிப்போகலாமா என்று கேட்டிருந்தார்.

இப்போதைக்கு முடியாது. தடுப்பூசி விலக்கு அங்கே 12 வயது வரைதான். உங்கள் பையனுக்கு 16. முதல் டோஸிலிருந்து 28 நாள் கழித்து இரண்டாவது, அப்புறம் இன்னும் 14 நாள். பயணம் அதற்குப் பிறகு வருகிற மாதிரி மதுரையிலிருந்து போகும் டிக்கெட்டை மாற்றுங்கள்.

கோவின் (அரசின் தடுப்பூசிப் பதிவுத் தளம்) சான்றிதழில் பெயர் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகவில்லை என்றீர்களே, அது பெரும்பாலும் இனிஷியல் செய்கிற வேலை. ஆதாரில் ‘கே. கார்த்திக்’, பாஸ்போர்ட்டில் ‘கார்த்திக் குமரேசன்’ என்று இருக்கும். என் மகளுக்கும் இதே கூத்துதான், முகாமில் ஆதாரைப் பார்த்து அப்படியே ஏற்றிவிட்டார்கள். கோவினில் பாஸ்போர்ட் எண்ணைச் சேர்த்துப் பெயரைத் திருத்தலாம். ஆனால் ஒரே தடவைதான் விடும், பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாக அடியுங்கள். பிறந்த தேதி முழுதாக வருகிறதா என்றும் பாருங்கள்.

இது ஏப்ரல் 2022 நிலவரம். விதி அடிக்கடி மாறுகிறது, கிளம்புமுன் மறுபடி சரிபார்த்துக்கொள்ளுங்கள்.