ஆன்டிபாடி குறைந்த குழந்தைகளைச் சில வைரஸ்கள் மட்டும் ஏன் கடுமையாகத் தாக்குகின்றன?

ஆன்டிபாடி என்பது கிருமியைப் பிடித்துச் செயலிழக்கச் செய்யும் புரதம். அதைத் தயாரிப்பவை ரத்தத்தில் உள்ள பி செல்கள். 1952-ல் அமெரிக்க மருத்துவர் ஆக்டன் புரூட்டன் விவரித்த பிறவிக் குறைபாட்டில் இந்தச் செல்களே கிட்டத்தட்ட இருக்காது. பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்குத்தான் வரும். தாய் தந்த ஆன்டிபாடி முதல் சில மாதங்கள் காக்கும். அப்புறம் காதிலும் நுரையீரலிலும் மாறி மாறித் தொற்று. வாயைத் திறந்து பார்த்தால் டான்சில் இருக்க வேண்டிய இடம் ஏறக்குறைய வெறுமையாக இருக்கும்.

சரி, வைரஸ்? தட்டம்மை, சின்னம்மை போன்றவற்றை, வைரஸ் புகுந்த செல்களை அழிக்கும் டி செல்களே பெரும்பாலும் சமாளித்துவிடும். போலியோ வைரஸும் சேர்ந்த என்டெரோவைரஸ் வகை அப்படியல்ல. குடலில் பெருகி, ரத்தம் வழியாக மூளைக்குப் போகும். டி செல் செய்வது, கடித்த கொசுவை அடிப்பது போன்ற வேலை, ஆன்டிபாடிதான் கொசுவலை. வலை இல்லாவிட்டால் மாதக்கணக்கில் நீடிக்கும் மூளைக்காய்ச்சல்கூட வரலாம். உயிருள்ள வைரஸ் கொண்ட போலியோ சொட்டு மருந்து இவர்களுக்குக் கூடாது என்பது இதனால்தான்.

இம்யூனோகுளோபுலினை, அதாவது பிறர் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த ஆன்டிபாடியை, ஒருமுறை ஏற்றினால் குணமாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது சில வாரங்களில் குறைந்துவிடும், நரம்பு வழியாக என்றால் 3-4 வாரத்துக்கு ஒருமுறை வாழ்நாள் முழுக்க ஏற்ற வேண்டும்.