போனில் இணையம் பார்க்க அதிவேக டேட்டா உண்மையிலேயே தேவையா?

செய்தி படிப்பது, வீடியோ பார்ப்பது, வீடியோ காலில் பேசுவது, இவ்வளவுக்கும் 100, 200 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற வேக அளவு) வேண்டுமா என்பது கேள்வி. போனில் மட்டும் பயன்படுத்துபவருக்கு வேண்டாம். இடையில் அறுந்துபோகாமல் சீராக 5 எம்பிபிஎஸ் வந்தால் ஏறக்குறைய எல்லாமே நடக்கும். அந்தச் சீர்தான் பல இடங்களில் கிடைப்பதில்லை. அதை வேகக் குறைவு என்று எண்ணிப் பலர் கூடுதல் விலைக்கு பிளான் மாற்றுகிறார்கள், தொல்லை மட்டும் தீர்வதில்லை.

முதலில் கணக்கு. பிளானில் சொல்லப்படுவது மெகாபிட், கோப்பின் அளவு மெகாபைட். எட்டால் வகுத்துக்கொள்ளுங்கள்: 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 12.5 எம்பி.

இணையவழிக் குரல் அழைப்புகளில் பரவலாக இருக்கும் ஓபஸ் கோடெக்குக்கு (குரலைச் சுருக்கி அனுப்பும் முறை) நொடிக்கு 24 முதல் 40 கிலோபிட் போதும், குரல் தெளிவாகவே கேட்கும். உயர்தரப் பாட்டு 320 கிலோபிட். இருவர் பேசும் 720பி வீடியோ காலுக்குச் சுமார் 1.2 எம்பிபிஎஸ், இது டவுன்லோடு, அப்லோடு இரண்டு பக்கமும் வேண்டும். யூடியூப் பரிந்துரைக்கும் அளவு 480பி-க்கு 1.1, 720பி-க்கு 2.5, 1080பி-க்கு 5, 4கே-வுக்கு 20 எம்பிபிஎஸ்.

கையில் இருக்கும் திரைக்கு 4கே வீண். ஆறரை அங்குலத் திரையில் 1080பி வீடியோவின் ஒரு புள்ளி 0.075 மி.மீ.க்கு மேல் போகாது. 30 செ.மீ. தூரத்தில் நல்ல பார்வை பிரித்தறியும் எல்லை சுமார் 0.087 மி.மீ. அதைவிட நுணுக்கமாக அனுப்பினாலும் கண்ணுக்குத் தெரியாது, டேட்டா மட்டும் தீரும். 5 எம்பிபிஎஸ் வீடியோ ஒரு மணி நேரம் ஓடினால் 2.25 ஜிபி; 480பி-யில் அரை ஜிபி.

பக்கங்கள் மெதுவாகத் திறப்பதற்குக் காரணம் பெரும்பாலும் தாமதம், அதாவது பிங்: ஒரு செய்தி போய்த் திரும்ப ஆகும் நேரம். ஒரு தளம் திறக்கும் முன் முகவரி தேட ஒரு முறை, இணைப்பு ஏற்படுத்த ஒரு முறை, பாதுகாப்புச் சாவி பரிமாற ஒரு முறை, பக்கத்தைக் கேட்டுப் பெற ஒரு முறை என்று வழக்கமாக நான்கு தடவை செய்தி போய்த் திரும்ப வேண்டும். பிங் 50 மில்லிநொடி என்றால் 0.2 நொடி, 300 என்றால் 1.2 நொடி. இதில் எம்பிபிஎஸ்ஸுக்கு வேலையே இல்லை. அதன் பிறகும் சர்வர் முதலில் பத்து பாக்கெட் (சிறு தரவுத் துண்டுகள்), சுமார் 14 கேபி, அனுப்பிப் பதில் பார்த்துத்தான் அளவை இரட்டிப்பாக்கும். சிறிய கோப்புகள் முழு வேகத்தைத் தொடும் முன்பே இறங்கி முடிந்துவிடும். கூகுளில் பணியாற்றிய மைக் பெல்ஷி 2010-லேயே இதை அளந்து காட்டினார்: 5 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் வேகத்தைக் கூட்டினால் பக்கம் திறக்கும் நேரம் அதிகம் குறைவதில்லை, தாமதத்தைக் குறைத்தால் குறைந்துகொண்டே வருகிறது.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. பின்னணியில் போட்டோ பேக்கப் ஓடும்போது அப்லோடு வரிசை நிரம்பி, 40-ல் இருந்த பிங் 400, 500 வரை ஏறும். உடனே குரல் வெட்டி வெட்டிக் கேட்கும். பேக்கப்பை வைஃபைக்கு மட்டும் என்று மாற்றினால் பிளானைத் தொடாமலே சரியாகும்.

சோதிப்பதென்றால் நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில், நெரிசலான மாலை நேரத்தில், மூன்று தடவை சோதியுங்கள். ஃபாஸ்ட்.காம் தளத்தில் கூடுதல் விவரத்தைத் திறந்தால் சும்மா இருக்கும்போதுள்ள தாமதம், சுமை உள்ளபோதுள்ள தாமதம், அப்லோடு மூன்றும் வரும். மூன்று முறையும் 5 எம்பிபிஎஸ்ஸுக்குக் குறையாமல், சுமையில் தாமதம் 150 மில்லிநொடியைத் தாண்டாமல் இருந்தால் வேகத்துக்காக மேலும் பணம் கட்ட வேண்டாம்.

அதற்காக அதிவேகம் யாருக்கும் தேவையில்லை என்றாகிவிடாது. ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப் இணைப்பவர், வீடியோ எடுத்து ஏற்றுபவர், பெரிய அப்டேட் இறக்குபவர் வித்தியாசத்தை உணர்வார்கள். 2 ஜிபி அப்டேட் 5 எம்பிபிஎஸ்ஸில் 53 நிமிடம், 50-ல் ஐந்தரை நிமிடத்துக்குள். 300 எம்பி வீடியோவை 2 எம்பிபிஎஸ் அப்லோடில் ஏற்ற 20 நிமிடம். ஆகவே வேலை ஏற்றுவது என்றால் அப்லோடு எண்ணைப் பார்த்து பிளான் எடுங்கள். விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் டவுன்லோடு எண்தான்.

டவருக்கோ அதிவேகம் கட்டாயம் வேண்டும். ஒரு செல்லின் (டவர் சிக்னல் தரும் ஒரு பகுதியின்) அலைவரிசையை அங்குள்ள எல்லாரும் பங்கிடுகிறார்கள். ஒருவர் வேலை சட்டென்று முடிந்தால் அந்த நேரம் அடுத்தவருக்குக் கிடைக்கும். உங்களுக்கு மாலையில் சீராக 5 எம்பிபிஎஸ் வருவதற்கே அந்த டவரிடம் அதைப்போல் பல மடங்கு திறன் இருக்க வேண்டும்.

மறுபக்கம், டேட்டா தீர்ந்தபின் 64 கிலோபிட்டுக்கு இறக்கும் பிளான்களை வரம்பற்றவை என்று நம்ப வேண்டாம். அது நொடிக்கு 8 கேபி. 2 எம்பி பக்கம் திறக்க நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் பல தளங்கள் காத்திருப்பதை நிறுத்திப் பிழை காட்டிவிடும்.

பணம் கட்டும் முன் சிக்னலையும் பாருங்கள். ஆண்ட்ராய்டில் போனைப் பற்றிய பகுதியில், சிம் நிலையில் சிக்னல் வலிமையைக் காட்டும் டிபிஎம் எண் இருக்கும். 4ஜி-யில் -90-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. -110-ஐத் தாண்டி -115, -120 என்று போனால் எந்த பிளானும் உதவாது, ஜன்னல் பக்கம் நகர்வதே பலன் தரும். 5ஜி சிக்னல் ஓரத்தில் இருந்து போன் 4ஜி-க்கும் 5ஜி-க்கும் மாறி மாறித் தாவினால், நெட்வொர்க் வகையை 4ஜி என்று வைத்துவிட்டு மறுபடி சோதித்துப் பாருங்கள். வேக எண் குறையலாம், ஆனால் அழைப்பு அறுபடுவது பெரும்பாலும் நிற்கும், பேட்டரியும் கூடுதல் நேரம் வரும்.