வாசகர் கேள்வி – பதில்: உலைக்கு முன்னே வர வேண்டியவை

கேள்வி: கானா, கென்யா போன்ற நாடுகள் அணுமின் நிலையம் கட்டத் திட்டமிடுவதாகப் படித்தேன். நிலக்கரிச் சாம்பலுக்கு நடுவே வளர்ந்தவன் என்ற முறையில் கேட்கிறேன்: வளரும் நாடு ஒன்று இதில் இறங்குவதற்கு முன் முதலில் எதைச் செய்ய வேண்டும்?
– ஒரு வாசகர், எண்ணூர்

பதில்: இடம் பார்ப்பதும் உலை விற்பவரை அழைப்பதும்தான் முதல் வேலை என்று பல அரசுகள் எண்ணுகின்றன. தேவைப்பட்டால் அரசையே தடுத்து நிறுத்தக்கூடிய, தனிச் சட்டத்தின் பலமுள்ள ஓர் ஒழுங்குமுறை அமைப்பை உருவாக்குவதே முதல் வேலை என்பது என் உறுதியான கருத்து. சர்வதேச அணுசக்தி முகமை புதிய நாடுகளுக்காக வகுத்துள்ள வழிமுறை, மூன்று கட்டங்களையும், சட்டம், நிதி, மின்கட்டமைப்பு, பணியாளர் பயிற்சி, கழிவு மேலாண்மை, மக்கள் பங்கேற்பு உள்ளிட்ட 19 துறைகளையும் கொண்டது. முதல் யோசனையிலிருந்து மின்சாரம் வருவதற்குப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் ஆகும் என்பது அதன் கணிப்பு.

ஐக்கிய அரபு அமீரகம் 2009-இல் முதலில் அணுசக்திச் சட்டத்தை இயற்றி, ஒழுங்குமுறை ஆணையத்தை நிறுவி, அதே ஆண்டு டிசம்பரில்தான் தென்கொரிய நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தது. அந்த ஒப்பந்தப்படி கட்டப்பட்ட பராக்கா அணுமின் நிலையத்தின் நான்காவது உலை 2024-இல் வணிக உற்பத்தியைத் தொடங்கியது. அவர்களிடம் எண்ணெய்ப் பணம் இருந்தது உண்மைதான். ஆனால் ஒப்பந்தத்துக்கு முன்பே சட்டத்தைக் கொண்டுவரப் பெரும் பணம் வேண்டியதில்லை. அந்த வரிசையை ஏழை நாடும் பின்பற்றலாம்.

சாம்பலைப் பற்றி நீங்கள் சொன்னதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். நம் நாட்டு நிலக்கரியை எரித்தால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தும், அது போய்ச் சேரும் இடத்தைப் பற்றிய அக்கறை மின் உற்பத்தியில் இருந்த அளவுக்கு இருக்கவில்லை. உங்கள் எண்ணூரில் கொசஸ்தலையாற்றின் கழிமுகம் சாம்பலால் தூர்ந்ததையும் மீன்வரத்து குறைந்ததையும் காட்டுக்குப்பத்து மீனவர்கள் ஆண்டுக்கணக்காகச் சொல்லி வருகிறார்கள். 1000 மெகாவாட் அணு உலையிலிருந்து ஆண்டுக்கு வெளிவரும் பயன்படுத்திய எரிபொருள் சுமார் 25 டன்தான். அளவு சிறியது, ஆனால் காக்க வேண்டிய காலமோ பல தலைமுறைகள். ஆகவே அது எங்கே, யார் பொறுப்பில், யார் செலவில் இருக்கும் என்பது அடிக்கல் நாட்டுவதற்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். வங்கதேசம் ரூப்பூர் நிலையத்தின் பயன்படுத்திய எரிபொருளை ரஷ்யா திரும்பப் பெற்றுக்கொள்ள 2017-இலேயே உடன்பாடு செய்துகொண்டது நல்ல முன்மாதிரி.

கேள்வி: ஒரே ஒரு 1000 மெகாவாட் உலையை வாங்கினாலே ஒரு சிறிய நாட்டின் மின்பற்றாக்குறை தீர்ந்துவிடாதா?
– கல்லூரி மாணவி, தண்டையார்பேட்டை

பதில்: தீராது, சில சமயம் கூடவும் செய்யும். அத்திப்பட்டில் உள்ள வடசென்னை அனல்மின் நிலையத்தின் 210 மெகாவாட் அலகு ஒன்று திடீரென நின்றால், தென்னிந்தியா முழுவதையும், அதற்கு அப்பாலும் இணைத்திருக்கும் பெரிய மின்கட்டமைப்பு அந்தக் குறையைத் தாங்கிக்கொள்கிறது. மொத்தமே சில ஆயிரம் மெகாவாட் கொண்ட நாட்டில் 1000 மெகாவாட் ஒரு நொடியில் மறைந்தால், 50 ஹெர்ட்ஸ் என்ற அதிர்வெண் சரிந்து, நாடே இருளில் மூழ்கும் வாய்ப்பு உண்டு. அதனால்தான் எந்த ஒற்றை அலகும் மொத்தத் திறனில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்ற நடைமுறையைப் பொறியாளர்கள் வலியுறுத்துகிறார்கள்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு, என்னைப் பொறுத்தவரை அதுவே முக்கியமானது. நிறுத்தப்பட்ட உலையும் தொடர்ந்து வெப்பத்தை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். அதைக் குளிர்விக்கும் பம்புகளுக்கு வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும். 2011-இல் ஃபுகுஷிமாவில் நிலநடுக்கம் வெளி மின்சாரத்தைத் துண்டித்தது, சுனாமி டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது, குளிர்விக்க வழியில்லாமல் எரிபொருள் உருகியது. அடிக்கடி மின்தடை ஏற்படும் நாட்டில், மின்கம்பிகளையும் துணைமின் நிலையங்களையும் பலப்படுத்துவதே அணு உலைப் பாதுகாப்பின் முதல் படி. சிறிய உலைகள் இந்தச் சிக்கலைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் ரஷ்யாவின் பெவெக் துறைமுகத்தில் 2020 முதல் இயங்கும் மிதக்கும் நிலையம் போன்ற ஒரு சிலவே நடைமுறைக்கு வந்துள்ளன.

கேள்வி: கடன் வாங்கிக் கட்டினால் என்ன ஆகும்?
– ஒரு வாசகர், மணலி

பதில்: பிலிப்பைன்ஸைப் பாருங்கள். 1976-இல் பட்டானில் தொடங்கிய 621 மெகாவாட் நிலையம் 1980-களின் நடுவில் ஏறத்தாழ முடிந்தும், ஆட்சி மாற்றத்துக்கும் 1986 செர்னோபில் விபத்துக்கும் பிறகு இயக்கப்படவே இல்லை. ஒரு யூனிட் மின்சாரம்கூடத் தராத அந்த நிலையத்தின் கடனை மக்கள் 2007 வரை அடைத்தார்கள். கடன் பத்திரத்தில் கையெழுத்திடும் முன், தாமதமானால் வட்டியை ஏற்பவர் யார், வாழ்நாள் முடிந்தபின் நிலையத்தைப் பிரித்தெடுக்கும் செலவுக்கான நிதி எங்கே என்ற இரண்டுக்கும் கடன் வாங்கும் நாட்டின் நாடாளுமன்றம் பதில் பெற்றிருக்க வேண்டும்.