வயிற்றில் இருக்கும்போதே குழந்தையின் இதயக் கோளாறு தெரியுமா? தெரிந்தாலும் பிறந்த பிறகுதானே வைத்தியம்?

தெரியும். ஆனால் உங்கள் இரண்டாவது கேள்விக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். உங்கள் வீட்டுப் பெரியவர் யாரோ அப்படிச் சொல்லியிருப்பார். எனக்கு என் மாமியார் சொன்னார்.

நாங்கள் மலேசியாவில், பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். ஏழாம் மாதப் பரிசோதனையில் வயிற்றில் கருவியை வைத்த தாதிக்கு முகமே மாறிவிட்டது. குழந்தையின் துடிப்பு நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருக்க வேண்டும். என் மகனுக்கு 230-ஐத் தாண்டி ஓடியது. உடனே பாலத்துக்கு அந்தப்பக்கம், பினாங்குத் தீவில் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். எக்கோ (இதய ஸ்கேன்) பார்த்த டாக்டர், இதயத்தின் அமைப்பில் குறையில்லை, மின்துடிப்பில்தான் கோளாறு, இப்படியே விட்டால் இதயம் களைத்துக் குழந்தையின் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும் என்றார். நோய் அவனுக்கு, மாத்திரை எனக்கு! டிகாக்சின், இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து. நான் விழுங்கினால் நஞ்சுக்கொடி வழியாக அவனுக்குப் போகும். எனக்கு ஈசிஜி, ரத்தப் பரிசோதனை, ஓயாத குமட்டல். ஆனால் துடிப்பு இறங்கியது. இப்போது பையன் பள்ளிக்குப் போகிறான்.

எல்லாக் கோளாறும் மாத்திரையில் தீரும் என்று நான் சொல்லவில்லை. மருத்துவம் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். பெரிய ரத்தக்குழாய்கள் இடம் மாறியிருந்தால் பிறந்த பிறகுதான் அறுவை சிகிச்சை. ஆனாலும் முன்பே தெரிந்தால் அதற்கு வசதியுள்ள ஆஸ்பத்திரியிலேயே பிரசவம் வைத்து, பிறந்த கையோடு புரோஸ்டாகிளாண்டின் ஏற்றலாம்; இதயத்தை ஒட்டிய ஒரு ரத்தப் பாதை மூடிவிடாமல் காக்கும் மருந்து அது. மகாதமனி (இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்) வால்வு சுருங்கிய கருவுக்குத் தாயின் வயிறு வழியே ஊசி செலுத்திப் பலூனால் விரித்ததை லண்டன் கைஸ் மருத்துவமனைக் குழு 1991-இலேயே வெளியிட்டது. பிறகு பாஸ்டனிலும் செய்தார்கள். இன்றும் சில இடங்களில் மட்டும்தான், ஆபத்தும் உண்டு.

18 முதல் 22 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் "துடிப்பு நல்லா இருக்கு" என்றதும் எழுந்து வந்துவிடாதீர்கள். நான்கு அறைகளோடு, இதயத்திலிருந்து புறப்படும் இரண்டு பெரிய குழாய்களையும் பார்த்தார்களா என்று கேளுங்கள். அறைகள் சரியாகத் தெரிந்தும் குழாய்கள் மாறியிருக்கலாம்.

அப்புறம், வேலைக்குப் போகிறவராக இருந்தால் விடுப்பை முதலிலேயே பேசி வையுங்கள். எங்கள் தொழிற்சாலை சூப்பர்வைசர் "உனக்கா நோய், பிள்ளைக்கா?" என்று கேட்டார். பிள்ளைக்கென்றால் எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) செல்லாதாம். மாத்திரை போவது என் வாய்க்குள், வாந்தி எடுப்பது நான், எம்சி மட்டும் இன்னும் பிறக்காதவன் பெயரிலா? கடைசியில் சம்பளமில்லா விடுப்பில்தான் பாலத்தைத் தாண்டிப் போய் வந்தேன். அந்த ஆள் இப்போது மேனேஜர்.