தங்கையை அடித்தால் மகனிடமிருந்து போனைப் பிடுங்கி வைக்கிறேன். இது எதிர்மறை வலுவூட்டலா, தண்டனையா?

அடிப்பது குறைந்திருந்தால் தண்டனை. இருந்த ஒன்றை எடுத்ததால் எதிர்மறைத் தண்டனை என்பார்கள். குறையவே இல்லை என்றால், நீங்கள் என்ன நினைத்துப் பிடுங்கினாலும் நடத்தை ஆய்வில் அதற்குத் தண்டனை என்று பெயர் கிடையாது.

எதிர்மறை வலுவூட்டல் வேறு. மண்டபம் கடற்கரையில் உச்சி வெயிலில் நடக்கிறவர் தலையில் துண்டைப் போடுகிறார், சூடு தணிகிறது, மறுநாளும் துண்டோடு வருகிறார். தொந்தரவு விலகியதால் ஒரு செயல் கூடியது, அவ்வளவுதான். இதில் யாரும் யாரையும் தண்டிக்கவில்லை.

இந்தக் குழப்பத்தால் பிள்ளைகள் படும் பாட்டைப் பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பாம்பனில் மாலை வகுப்பு எடுக்கிறேன். பெரும்பாலும் கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள். ஒரு பையன் பள்ளியில் கணக்குப் பாடம் தொடங்கினாலே பெஞ்சைத் தட்டுகிறான் என்று அவன் அம்மா வந்து அழுதார். சார் உடனே வெளியே நிற்க வைப்பாராம். வெளியே வராந்தா, நல்ல காற்று, வகுத்தல் கணக்கு கிடையாது. தட்டுவது நாளுக்கு நாள் கூடியது. சார் தண்டனை என்று கொடுத்தது அவனுக்கு எதிர்மறை வலுவூட்டலாகிவிட்டது. அவன் போனதும் வகுப்பு அமைதியாவதால், வெளியே அனுப்பும் பழக்கம் சாருக்கும் வலுப்பட்டது. இந்த இரண்டாவது பாதியை யாரும் கவனிப்பதில்லை.

1985-இல் எட்வர்ட் கார், மார்க் டூராண்ட் என்ற உளவியலாளர்கள் இருவரும் வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளிடம் ஆய்வு செய்தார்கள். பாடம் கடினமானால் ரகளை செய்தவர்களுக்கு 'எனக்குப் புரியவில்லை' என்று சொல்லப் பழக்கினார்கள். சொன்னதும் உதவி கிடைத்தது, ரகளை வெகுவாகக் குறைந்தது. நானும் அதைத்தான் செய்தேன். "புரியலக்கா" என்று அவன் சொன்னால் மற்றதை விட்டுவிட்டு அவனிடம் போவேன். இப்போது என் வகுப்பில் அவன் தட்டுவது அபூர்வம்.

அடி மட்டும் வேண்டவே வேண்டாம். விசையை அழுத்தினால் உணவு வரும் என்று பழகி, உணவு தருவதை நிறுத்திய பிறகும் அழுத்திய எலிகளின் காலில் தட்டிப் பார்த்ததை உளவியலாளர் ஸ்கின்னர் 1938-இல் எழுதினார். அடி பட்டவை கொஞ்ச நேரம் ஓய்ந்தன. கடைசியில் அடிபடாத எலிகள் அளவுக்கே அழுத்தித் தீர்த்தன. பிற்காலச் சோதனைகளில் கடுமையான தண்டனை நீண்ட நாள் அடக்கி வைத்ததும் உண்டு. ஆனால் அந்தத் தப்பான செயலுக்குப் பதில் என்ன செய்யலாம் என்று தண்டனை சொல்லித் தராது.

சரி, உங்கள் மகனுக்கு வருவோம். அவன் எப்போது அடிக்கிறான், அடித்ததும் என்ன நடக்கிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். தங்கை பொம்மையை விட்டுக்கொடுக்கிறாளா, இல்லை நீங்கள் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருகிறீர்களா? நீங்கள் வருவதுதான் அவனுக்கு வேண்டும் என்று தெரிந்தால், அவன் அடிக்காமல் விளையாடும்போதே போய்ப் பக்கத்தில் உட்காருங்கள்.