கேள்வி – பதில்: வலைச்செயலித் திரை வடிவமைப்பு

பதிவுப் படிவம் எடுப்பாக இருக்கட்டும் என்று லேபிள்களை (எந்தப் பெட்டி எதற்கு என்று சொல்லும் பெயர்களை) எடுத்துவிட்டு, பெட்டிக்குள்ளேயே குறிப்பு போட்டிருக்கிறோம். எல்லாவற்றையும் சரியாக நிரப்பும்வரை ‘பதிவு செய்’ பட்டன் மங்கலாகவே இருக்கும். பலர் பாதியிலேயே போய்விடுகிறார்கள். கோளாறு எங்கே?

இரண்டிலும்தான். பெட்டிக்குள் இருக்கும் குறிப்பு முதல் எழுத்தைத் தட்டியதுமே மறைந்துவிடும். பிரவுசர் தானாக நிரப்பியதைச் சரிபார்க்க வருபவருக்கு, எந்தப் பெட்டியில் என்ன கேட்டீர்கள் என்றே தெரியாது. போதாக்குறைக்கு வெளிர் சாம்பல் வேறு. வெள்ளைப் பின்னணியில் #999999 என்ற குறியீடு கொண்ட சாம்பல் நிறத்தின் வேறுபாட்டு விகிதம் (எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு) 2.85:1 தான்; சாதாரண அளவு எழுத்துக்கு வலை அணுகல் நெறிமுறை (மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி தளத்தை அமைக்கச் சொல்லும் WCAG) கேட்பது 4.5:1. சாம்பல்தான் பிடிக்கும் என்றால் #767676 வரை போகலாம், அதற்குமேல் வெளிறக்கூடாது. லேபிள் பெட்டிக்கு மேலே நிரந்தரமாக இருக்கட்டும். இடம் போதவில்லையா? தேவையில்லாத கேள்விகளைத் தூக்குங்கள்.

மங்கிய பட்டன் அதைவிட மோசம். ஏன் வேலை செய்யவில்லை என்று அது வாய் திறக்காது. பட்டனை எப்போதும் அழுத்த விடுங்கள். அழுத்தியதும் பிழையுள்ள முதல் பெட்டிக்கு ஃபோகஸை (தட்டச்சு விழும் இடத்தை) நகர்த்தி, அதன் கீழேயே காரணத்தைச் சொல்லுங்கள். ‘தவறான உள்ளீடு’ என்பதெல்லாம் காரணமாகாது. ‘கடவுச்சொல்லில் 8 எழுத்தாவது வேண்டும், இப்போது 6 இருக்கிறது’ என்றால் திருத்த முடியும். வெறும் சிவப்பு ஓரம் போதாது, நிறம் பிரித்தறிய முடியாதவர்கள் அதைத் தவறவிடுவார்கள். செய்தியை ‘ஏரியா-டிஸ்கிரைப்டுபை’ (aria-describedby) என்ற HTML பண்பால் பெட்டியோடு இணைத்தால், பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடரும் படித்துச் சொல்லும்.

சரிபார்ப்பது பெட்டியைவிட்டு வெளியேறும்போது நடக்கட்டும். மின்னஞ்சலின் மூன்றாவது எழுத்திலேயே ‘செல்லாது’ என்று அதட்டினால் யாருக்கும் எரிச்சல்தான் வரும். பிழையைக் காட்டிய பிறகு மட்டும், திருத்தத் திருத்தப் பார்த்து, சரியானதும் பிழைச் செய்தியை உடனே நீக்கிவிடுங்கள். பட்டனை முடக்கவேண்டிய நேரம் ஒன்று உண்டு: தகவல் சர்வருக்குப் போய்க்கொண்டிருக்கும்போது. இல்லாவிட்டால் இருமுறை அழுத்தி இரண்டு பதிவு விழும்.

தொலைபேசி எண்ணின் முதல் பூஜ்யம் காணாமல் போகிறது. ஐபோனில் பெட்டியைத் தொட்டதும் பக்கமே பெரிதாகிறது.

உள்ளீட்டு வகையை ‘நம்பர்’ என்று வைத்திருப்பீர்கள். நிரல் அதைக் கணித எண்ணாக மாற்றும்போது முன்னால் உள்ள பூஜ்யம் உதிரும். மேல், கீழ் அம்பு விசை பட்டாலும் மதிப்பு மாறும். கூட்டிக் கழிக்காத எதுவும் எண் அல்ல. தொலைபேசிக்கு ‘டெல்’ (tel) வகை. ஓடிபி மாதிரியானவற்றுக்கு ‘டெக்ஸ்ட்’ வகையோடு, எண் விசைப்பலகையை வரவழைக்கும் ‘இன்புட்மோட்’ நியூமெரிக் (inputmode="numeric"). இடைவெளி விட்டு எண்ணைத் தட்டினால் திட்டாதீர்கள், நிரலில் நீக்கிக்கொள்ளுங்கள்.

பக்கம் பெரிதாவதற்குக் காரணம், பெட்டியின் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைவாக இருப்பது. 16 ஆக்கினால் நின்றுவிடும். பெரிதாக்கும் வசதியையே முடக்குவது தீர்வல்ல, பார்வை குறைந்தவர்கள் படிக்க முடியாமல் போகும்.

தமிழுக்கு மாற்றியதும் பட்டன்களில் எழுத்து வெட்டுப்படுகிறது.

நிலையான அகலத்தை எடுத்துவிட்டு, குறைந்தபட்ச அகலமும் இருபக்கப் பேடிங்கும் (எழுத்துக்கும் ஓரத்துக்கும் நடுவே இடைவெளி) கொடுங்கள். உயரத்துக்கும் அதேதான்: ‘கீ’யின் சுழி மேலே போகும், ‘சூ’வின் வால் கீழே இறங்கும். லைன்-ஹைட் (வரியின் உயரம்) 1.2 வைத்து ஓவர்ஃப்ளோவை (பெட்டிக்கு வெளியே வழியும் பகுதியை) மறைத்தால் இரண்டுமே அறுபடும். 1.6இல் தொடங்கிப் பாருங்கள். ‘சேமி’யை மட்டும் வைத்துச் சோதித்தால் போதாது, ‘மாற்றங்களை நிராகரி’யையும் போட்டுப் பாருங்கள்.